சமூகவியல் படிக்கலாமா? வாசகர் கடிதங்களுக்குப் பதில்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியான பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பாடத்தைப் பற்றியவையாக இருந்தபடியால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்து, சமூகவியலைப் பற்றிய கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய ரீச்சர், நான் உயர்தரத்தில் தமிழ், புவியியல், இந்து நாகரிகம் ஆகிய பாடங்களில் சித்தியடைந்து பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். என் பெரியம்மாவின் மகள் மும்பையில் ஒரு ஜூனியர் கல்லூரியில் படிக்கிறாள். என்னைவிட இரண்டு வயது இளையவளான அவள் இப்போதே சமூகவியல் படிக்கிறாள். சமூக நிறுவனம், சமூக அடுக்கமைவு என்றெல்லாம் தொலைபேசியில் பேசுகிறாள். எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. சமூகவியலில் சிறப்புக்கலைப் பட்டம் செய்ய விரும்பும் நான் தொடங்கும்போதே பின்தங்கிவிட்டேனா? (மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: பின்தங்கவில்லை மகள். உங்கள் தங்கச்சி படிக்கும் இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். மகாராஷ்டிர மாநிலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளை ஜூனியர் கல்லூரி என்று அழைக்கப்படும் இடத்தில் படிக்கிறார்கள். பட்டப்படிப்புக் கல்லூரியின் வளாகத்திலேயே அது இயங்குவதும் உண்டு. பெயரில் கல்லூரி இருந்தாலும் நம்முடைய உயர்தர வகுப்புக்கு ஈடான இரண்டு ஆண்டுகள்தாம் அவை. அங்கே கலைப்பிரிவில் சமூகவியல் ஒரு பாடம். முதலாம் ஆண்டில் பாடத்தின் தோற்றம், முன்னோடிகள், அடிப்படை எண்ணக்கருக்கள், குடும்பம் போன்ற சமூக நிறுவனங்கள், பண்பாடு, சமூகமயமாக்கல், அடுக்கமைவு (மக்கள் மேல், கீழ் என்று அடுக்குகளாகப் பிரிந்திருப்பது), சமூக மாற்றம் ஆகியவற்றைப் படிக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் பழங்குடி, கிராமிய, நகர வாழ்வு தொடங்கிச் சமூக இயக்கங்கள், சமூகப் பிரச்சினைகள் வரை இந்தியச் சமூகத்தைப் படிக்கிறார்கள். மும்பைக்கு இந்தப் பாடத்தோடு பழைய உறவும் உண்டு. 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஸ்கொட்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் தொடங்கிய சமூகவியல் துறையைப் பின்னர் நெடுங்காலம் வழிநடத்திய ஜி. எஸ். குர்யேயிடம் படித்தவர்களே இராவதி கார்வே, எம். என். ஸ்ரீநிவாஸ், ஏ. ஆர். தேசாய் முதலிய பெயர்பெற்ற சமூகவியலாளர்கள்.

நமது நாட்டில் இந்தப் பாடம் 1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாகத் தொடங்கியது. அன்று முதல் அது பல்கலைக்கழகத்துப் பாடமாகவே இருந்துவருகிறது. உயர்தரப் பாடப்பட்டியலில் சமூகவியல் என்ற பெயரில் ஒரு பாடம் இல்லை. ஆகவே வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ முதலாம் ஆண்டு விரிவுரையில் உங்களுக்குப் பக்கத்தில் அமரப்போகிறவரும் அந்தச் சொற்களை முதல்முறையாகக் கேட்பவராகத்தான் இருப்பார். இதை நான் ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. பதினாறு, பதினேழு வயதில்தான் சாதி, சீதனம், ஆண் பெண் வேறுபாடு, பக்கத்து ஊர்க்காரரோடு உள்ள உறவு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் ஒரு பிள்ளையின் மனதில் கனமாக எழுகின்றன. அவற்றை ஒழுங்காகப் பேசுவதற்கு நம் பாடசாலைகளில் ஒரு பாடவேளை இல்லாதது பெரிய குறை என்றே பல ஆண்டுகளாகக் கருதிவருகிறேன்.

உங்கள் பாடங்கள் வீணாகமாட்டா. புவியியலில் வரைபடத்தையும் அட்டவணையையும் வாசிக்கப் பழகியிருப்பீர்கள். முதலாம் ஆண்டில் புள்ளிவிபரத்தைக் கண்டு மற்றவர்கள் மிரளும்போது அது உங்களுக்குக் கைகொடுக்கும். உங்களுக்கு அடுத்து வருகிறவர்கள் கேட்டால், அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடத்தையும் ஒன்றாக எடுக்கும்படி சொல்லுங்கள். கருதுகோள் என்றால் என்ன, ஒரு முடிவுக்கு எத்தனை சான்று போதும் என்று அதில் படித்த பிள்ளைகள் ஆய்வுமுறைப் பாடத்தில் தடுமாறியதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குருமண்வெளித் துறை இருக்கிறது. காலையில் மண்டூருக்குப் போகும் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) புறப்படும் நேரத்தில் ஒரு கொப்பியோடு அங்கே ஒரு மணித்தியாலம் இருங்கள். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு யார் போகிறார்கள், அங்கிருந்து யார் வருகிறார்கள், கையில் என்ன கொண்டுவருகிறார்கள், யார் யாரோடு பேசுகிறார்கள், மோட்டார் சைக்கிளோடு ஏறுகிறவர் எங்கே நிற்கிறார், தலையில் சுமையோடு வருகிற பெண் எங்கே நிற்கிறார் என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். “ஏழை”, “பணக்காரர்”, “ஆசிரியர்” என்று உடனே எழுதிவிடாமல், அப்படி நினைக்கவைத்தது எது என்பதை எழுதுங்கள். வெள்ளைச் சேலையா, கைப்பையா, மற்றவர்கள் வழிவிட்ட விதமா? மாலையில் பாதை திரும்பும்போது மறுபடியும் போங்கள். ஒரு கிழமை இதைச் செய்துவிட்டு உங்கள் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுங்கள். அடுக்கமைவு என்று அவள் சொல்லும்போது உங்களுக்கு நினைவில் வர ஒரு துறையும் அங்கே நின்ற மனிதர்களும் இருப்பார்கள்.

கேள்வி: சமூகவியல் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயங்களைப் பெரிய சொற்களில் சொல்வதுதான் என்றும், விரிவுரைக் குறிப்புகளை மனனம் செய்தால் பட்டத்தில் வகுப்புச் சித்தி (உயர்ந்த தேர்ச்சி) கிடைக்கும் என்றும் என் அண்ணாவின் நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? (மாணவன், வாழைச்சேனை)

பதில்: குறிப்பை மனனம் செய்து வகுப்புச் சித்தி பெற்றவர்களை நானும் அறிவேன். பரீட்சை முடிந்து ஆறு மாதத்தில் அந்தக் குறிப்பு அவர்களை விட்டுப் போய்விட்டதையும் அறிவேன். “எல்லோருக்கும் தெரிந்த விடயம்” என்பதற்குத்தான் நான் ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும். என் படிப்புக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பேராதனையில் இறுதி ஆண்டு படிக்கும்போது ஆய்வுக்கட்டுரைக்காகக் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் வீடு வீடாக வினாக்கொத்தோடு போனேன். ஒரு வீட்டின் முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் பாய்களில் நெல்லைப் பரப்பிக் காலால் கிண்டிக்கொண்டிருந்தார். முதலாவது கேள்வி, குடும்பத் தலைவரின் பெயர். “அவர்ட பேர எழுது மகள்” என்று கணவரின் பெயரைச் சொன்னார். எழுதினேன். ஏழாவது கேள்வி, வீட்டின் உரிமையாளர் யார் என்பது. நெல்லைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு, இதையும் கேட்க வேண்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். “நான்தான். வீடும் வளவும் என்ட அம்மா எனக்குத் தந்தது. அவர் என்னைக் கலியாணம் கட்டி வந்தவர்தானே.” பிறகு வளவின் பின்பக்கத்தைக் காட்டி, மூத்த மகளுக்குக் கலியாணம் ஆனதும் இந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் இருவரும் அங்கே ஒரு குடில் போட்டுக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். மழைக்கு முன்னம் காயவேண்டும் என்று மறுபடியும் நெல்லைக் கிண்டத் தொடங்கினார்.

அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இதே நிலை. தலைவர் என்ற இடத்தில் ஆணின் பெயர், உரிமையாளர் என்ற இடத்தில் பெண்ணின் பெயர். ஏதோ பிழையாகப் பதிந்துவிட்டேன் என்று பயந்து பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “தலைவர் என்று அவர்கள் சொன்னது எந்த வேலைக்கான ஆள் என்று கேட்டீர்களா?” நான் கேட்கவில்லை. மறுபடியும் போய்க் கேட்டேன். அரசாங்கக் காரியமாகக் கச்சேரிக்குப் போகிறவர், கோயில் கூட்டத்தில் பேசுகிறவர், வட்டையில் வேளாண்மைக் காரியம் பார்க்கிறவர் தலைவர். வீடு யாருடையது என்பது வேறு கதை. அது தாயிடமிருந்து மகளுக்குப் போகிற கதை. நான் கொண்டுபோன வினாக்கொத்து வேறு விதமான குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. தலைமையும் சொத்தும் ஒருவரிடமே இருக்கும் என்று அது முதலிலேயே முடிவு செய்துவிட்டிருந்தது. மட்டக்களப்பில் பிறந்து, அம்மாவின் சீதன வீட்டிலேயே வளர்ந்த எனக்கு அந்த முடிவு கண்ணில் படவில்லை.

இது வெறும் படிப்புக் காரியமாக இருந்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுதமாட்டேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்டு, குடும்பங்கள் உள்ளே நகர்த்தப்பட்டன. புதிய வீடுகள் குடும்பத் தலைவரின் பெயருக்கு என்ற முறையில் பல இடங்களில் ஆண்களின் பெயருக்குப் போயின. அழிந்த வீடு மனைவியுடையது, கிடைத்த வீடு கணவனுடையது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மனைவியைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர் மறுமணம் செய்தபோது, தாய்வழியாகத் தங்களுக்கு வந்திருக்க வேண்டிய வீட்டைப் பற்றிப் பேச இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரு காகிதமும் இருக்கவில்லை. கூட்டு உரிமை வேண்டும் என்று கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போது குரல் எழுப்பின. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பினார்கள். நானும் ஒருநாள் அதே கட்டத்தை நிரப்பியவள் என்பதை அந்தப் பிள்ளைகளின் முன்னால் இருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

இப்போது பாடத்துக்கு வாருங்கள். தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் வழக்கங்களைப் பொருள்களைப் போல ஆராய வேண்டும் என்று 1895 இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்கைம் எழுதினார். ஒரு செயலைப் புரிந்துகொள்ள, அதைச் செய்கிறவர் அதற்குக் கொடுக்கும் அர்த்தத்தைப் பிடிக்க வேண்டும் என்றார் ஜெர்மனியச் சமூகவியலாளர் மக்ஸ் வெபர். இந்த இரண்டு வசனங்களும் உங்கள் அண்ணாவின் நண்பர்களுடைய குறிப்பில் இருக்கும். சீதன வீட்டு வழக்கம் யாரும் கட்டளையிடாமலே ஒரு தாயைத் தன் வீட்டை விட்டுக் குடிலுக்குப் போகவைக்கிறதே, அங்கே டர்க்கைம் சொன்னதைக் காணலாம். “தலைவர்” என்ற சொல்லுக்கு அந்த அம்மா கொடுத்த அர்த்தத்தைக் கேட்காமல் விட்டேனே, அங்கே வெபர் சொன்னதை நான் தவறவிட்டேன். குறிப்பை மனனம் செய்யுங்கள், அதில் குற்றமில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணத்தை உங்கள் கையால் எழுதிவையுங்கள். உதாரணம் கிடைக்காத வசனம் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் கணக்கியலோ தகவல் தொழில்நுட்பமோ படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவன் சமூகவியல் என்று நிற்கிறான். இதைப் படித்தால் தொழில் கிடைக்குமா என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள். (தந்தை, தம்பிலுவில்)

பதில்: கலைப்பட்டதாரிகள் தொழிலுக்காகக் காத்திருப்பதும், நியமனம் கேட்டு வீதியில் இருப்பதும் நீங்கள் கண்ணால் கண்டவை. பட்டம் கையில் வந்ததும் தொழில் தேடிவரும் என்று நான் சொல்லமாட்டேன். சமூக சேவை, சிறுவர் நன்னடத்தை, மகளிர் அபிவிருத்தி, பிரதேச செயலகங்களின் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவிகள் ஆகியவற்றில் இந்தப் பாடம் படித்தவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள். நிர்வாக சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயதெல்லைக்குள் இருக்கும் எந்தப் பாடத்துப் பட்டதாரியும் தோற்றலாம். போருக்கும் சுனாமிக்கும் பின்னர் இங்கே வந்த தொண்டு நிறுவனங்களில் எங்கள் மாணவர் பலர் வேலை செய்தார்கள். அந்த நிறுவனங்கள் பல வெளியேறிவிட்டதால் அந்த வழி இப்போது முன்போல அகலமானதல்ல.

மகனோடு ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். சமூகவியல் படிக்கட்டும். அதோடு மூன்று ஆண்டுகளுக்குள் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதவும், சிங்களத்தில் ஒரு கிராமத்தவரோடு உட்கார்ந்து பேசவும், கணினியில் ஓர் அட்டவணையைத் தயாரித்து அதிலிருந்து ஒரு முடிவைச் சொல்லவும் பழகட்டும். அம்பாறை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களும் வாழ்கின்றன. அந்த மூன்று சமூகங்களின் வீடுகளிலும் போய் இருந்து பேசக்கூடிய பட்டதாரிக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்புண்டு. விருப்பமில்லாத கணக்கியலில் இருத்தி அவனுடைய நான்கு ஆண்டுகளைக் கழிக்காதீர்கள்.

கேள்வி: நான் முதலாம் ஆண்டு மாணவி. விரிவுரை தமிழில் நடந்தாலும் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரே சொல்லுக்கு இந்திய நூலில் ஒரு தமிழும் நம் குறிப்பில் வேறொரு தமிழும் இருக்கின்றன. தமிழில் படிப்பதே எங்களுக்குத் தடையா? (மாணவி, சாய்ந்தமருது)

பதில்: நூல் குறைவு என்பது உண்மையான தடை. அதை மறைப்பதில் பயனில்லை. நாம் வகிபாகம் என்று எழுதுவதை இந்திய நூலாசிரியர்கள் பங்கு என்று எழுதுவார்கள். ஆகவே ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் போட்டு நமது சொல், அவர்களது சொல், ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு ஆகியவற்றை எழுதிவாருங்கள். நாளுக்கு ஓர் ஆங்கிலப் பக்கம் மட்டும் வாசியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்காமல், பந்தி முடிந்ததும் அது என்ன சொன்னது என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். ஆண்டு முடிவில் முந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் ஆகியிருக்கும்.

தமிழ் தெரிந்திருப்பதே ஒரு மூலதனம் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். வாப்பாவின் தம்பி மகனை நீங்கள் சகோதர முறை சொல்லி அழைப்பீர்கள். மாமாவின் மகனை மச்சான் என்பீர்கள். முதலாமவரை மணம் செய்வதை நம் வழக்கம் நினைத்தும் பார்ப்பதில்லை, இரண்டாமவர் முறை மாப்பிள்ளை. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான். 1871 இல் அமெரிக்காவின் லூயிஸ் ஹென்றி மோர்கன் உலகத்து உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டபோது, வட அமெரிக்காவின் இரோக்குவா மக்களுடைய முறையும் தமிழருடைய முறையும் இப்படிப் பிரிப்பதில் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். உறவுமுறை ஆய்வில் இன்றும் பேசப்படும் தொடக்கங்களில் அது ஒன்று. மேலைநாட்டு மாணவர் படம் வரைந்து பல நாட்கள் படிக்கும் அந்த வேறுபாட்டை நீங்கள் பேசத் தொடங்கிய வயதிலேயே கற்றுவிட்டீர்கள். உறவுமுறை விரிவுரை வரும்போது முதல் வரிசையில் இருங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியின் குடி (தாய்வழியில் வரும் குலப்பிரிவு) வழக்கத்தை மூன்றாம் ஆண்டு ஆய்வுக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். முன்னர் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? எப்படித் தொடங்குவது? (மாணவன், அக்கரைப்பற்று)

பதில்: உங்கள் ஊரைப் போல ஆராயப்பட்ட ஊர் கிழக்கில் குறைவு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி, கோயில் உரிமை, திருமணம், சீதனம் ஆகியவற்றை ஆராயத் தொடங்கினார். அந்த நீண்ட ஆய்வின் நூல் 2008 இல் வெளிவந்தது. அவருக்கு முன்னர் நூர் யல்மன் 1967 இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மட்டக்களப்பின் முக்குவர் சமூகத்தின் வாரிசுரிமை முறையைப் பற்றிய பிறிற்றோவின் நூல் 1876 ஆம் ஆண்டுக்குரியது. தமிழில், வீ. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் வாசிக்காமல் இந்தத் தலைப்பில் இறங்காதீர்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியும் திருவிழா உபயமும் குடிவழியில் வருவதையும், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் பதவி குடிவழியில் வந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சமயத்தால் வேறான இரண்டு சமூகங்கள் ஒரே உறவுக் கட்டமைப்பைப் பகிர்ந்துகொண்டிருப்பது, இந்த நாட்டில் சமூகவியல் படிக்கும் எவருக்கும் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆய்வுப் பொருள்களில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் மக்கள் போருக்குள்ளும் சுனாமிக்குப் பின்னரும் எத்தனையோ படிவங்களுக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள். “போனமுறையும் எழுதிக்கொண்டுதான் போனீங்க” என்று ஒருவர் சொன்னால் அதில் பிழையில்லை. போன உடனே தாளை எடுக்காதீர்கள். யார் மகன் என்று கேட்பார்கள், சொல்லுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வெளிவராது, விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பவற்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். குடியைப் பற்றிக் கேட்கும்போது சாதியைப் பற்றிய காயங்களும் வெளிவரும். அவற்றை உரியவரின் அனுமதியில்லாமல் எழுதாதீர்கள். மற்றச் சமூகத்தின் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு சக மாணவரோடு போங்கள்.

ஆய்வு நாட்டின் நிலைமைக்கு வெளியே நடப்பதில்லை என்பதையும் உங்கள் மாவட்டம் நமக்குக் காட்டியிருக்கிறது. பின்னாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக உலகப் புகழ் பெற்ற ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா, இளம் விரிவுரையாளராக இருந்த 1956 இல் மாணவர்களை அழைத்துக்கொண்டு கல்லோயாக் குடியேற்றத்தில் கள ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் அங்கே கலவரம் மூண்டது. ஆய்வு இடையில் நின்றது. அவர் பின்னர் தாய்லாந்தைத் தம் ஆய்வுக் களமாக ஆக்கிக்கொண்டார். நீங்கள் உங்கள் ஊரிலேயே இருந்து ஆராயக்கூடிய காலத்தில் படிக்கிறீர்கள். அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

கேள்வி: மகள் இரண்டாம் ஆண்டு சமூகவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் வீட்டில் எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறாள். கோயில் சடங்கில் இன்ன குடிக்குத்தான் இந்த மரியாதை என்றால் ஏன் என்கிறாள். தம்பி சாப்பிட்ட கோப்பையைத் தான் ஏன் கழுவ வேண்டும் என்கிறாள். அவளுடைய அப்பாவுக்குக் கோபம் வருகிறது. இந்தப் படிப்பு பிள்ளையைக் கெடுத்துவிடுமா? (தாய், ஆரையம்பதி)

பதில்: அன்புள்ள தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். என் அம்மாவும் ஒருகாலத்தில் இதே கவலையோடு இருந்தவர். மகள் கேட்கும் இரண்டு கேள்விகளும் ஒரே தன்மையானவை அல்ல. கோப்பை கழுவுவது உங்கள் வீட்டுக்குள் இன்றைக்கே முடிவெடுக்கக்கூடிய காரியம். தம்பி கழுவட்டும், அதில் யாருடைய மரியாதையும் குறையாது. இதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கோயில் மரியாதை பல தலைமுறைகளாகப் பலர் சேர்ந்து காத்துவரும் ஏற்பாடு. அதற்குள் பெருமையும் இருக்கிறது, வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மனவருத்தமும் இருக்கிறது. இரண்டையும் அவள் கேட்டறிய வேண்டும். ஏன் என்று கேட்பது அந்த ஏற்பாட்டை அவமதிப்பதாகாது. அவள் கேட்கும் தொனி சில நேரம் கூர்மையாக இருக்கலாம். இரண்டாம் ஆண்டில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். புதிதாகக் கண்ட ஒன்றை உடனே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அது. களத்துக்குப் போய் நாலு வீட்டு முற்றத்தில் இருந்து கதை கேட்கத் தொடங்கியதும் குரல் தானாகத் தணிந்துவிடும்.

அவள் உங்களிடம் வாதாடுவதற்குப் பதிலாக உங்களிடமிருந்து எழுதிக்கொள்ளும்படி செய்யுங்கள். அடுத்த விடுமுறையில் ஒரு பின்னேரம் அவளை இருத்தி, நீங்கள் இருக்கும் வீட்டை உங்களுக்குத் தந்தது யார், அவருக்குத் தந்தது யார் என்று தாய்வழியில் உங்களுக்குத் தெரிந்தவரை பெயர் பெயராகச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எந்தக் குடி, மாப்பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன சீதனம் கொடுத்தார்கள், 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியில் வீட்டுக்கு என்ன நடந்தது, யார் மறுபடி கட்டினார்கள் என்பவற்றையும் சொல்லுங்கள். உங்கள் அம்மா உயிரோடு இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் மறந்த பெயர்கள் அவருக்கு நினைவிருக்கும். கேட்பதை மகள் ஒரு பெரிய தாளில் கோடு போட்டு வரையட்டும். அப்பா அந்த வளவுக்குக் கலியாணம் கட்டி வந்த நாளின் கதையை அவரே சொல்லட்டும். வரைந்து முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.